பச்சைத் தண்ணீர்

அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரை அவர் துணி கிடந்த வாளியில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் கட்டில் கம்பி தட்டப்படும் சத்தம் கேட்டது. கரண்டியால் தட்டுகிறாள். கூப்பிட மூச்சு போதாமல் போன நாளிலிருந்து மனைவிக்கு அந்தக் கரண்டிதான் குரல்.

“வரேன், வரேன்” என்று பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்.

அவள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். மூக்கு விடைத்திருந்தது.

“என்ன வாடை அது? சுடுதண்ணி ஊத்தினீங்களா?”

“ஆமா. நல்லாக் கொதிக்க வச்சுத்தான் ஊத்தினேன். ஒரு கிருமி பிழைக்காது.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள். “போச்சு.”

“என்ன போச்சு?”

“ரத்தம் வெந்து துணியிலயே ஒட்டிக்கும். இனி லேசுல போகாது. பச்சைத் தண்ணிங்க... முதல்ல பச்சைத் தண்ணிதான்.”

அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்த மனிதர். அவருக்குத் தெரிந்த அழுக்கு கிரீஸ் ஒன்றுதான். அது கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் மசியும். மாதவிடாய்த் துணி என்று ஒன்று அந்த வீட்டில் துவைக்கப்பட்டு, காய்ந்து, மடிக்கப்பட்டு, பைக்குள் போவது அவருக்குத் தெரியும். தெரியும் என்பதோடு சரி. கண்ணால் பார்த்ததில்லை. கொடியில் துண்டுக்கு அடியில் ஒளிந்து காய்ந்த துணிகள் அவை.

நேற்று மகளுக்குத் தொடங்கிவிட்டது. மகளை வீட்டில் சிட்டு என்பார்கள். உடம்பால் முப்பதைத் தாண்டியவள், பேச்சால் மூன்றைத் தாண்டாதவள். அம்மாவைத் தவிர யார் தொட்டாலும் சுவரில் நெற்றியை இடித்துக்கொள்வாள். இடித்து இடித்து நெற்றியில் ஓரிடம் காய்த்தே போயிருந்தது. நேற்றும் அம்மாதான், படுத்த படுக்கையிலேயே, மகளைக் கட்டிலருகே நிறுத்தி, நடுங்கும் விரலால், தான் தைத்த மாதவிடாய்த் துணியின் பொத்தானைப் போட்டுவிட்டாள். பொத்தான் போட்டு முடிப்பதற்குள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. காலையில் வந்த நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு, “வர வேண்டியவங்களை வரச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“கிட்ட வாங்க” என்றாள் மனைவி. “வெட்கப்படுறதுக்கு இப்ப நேரம் இல்ல. சொல்றதைக் கேட்டுக்கங்க.”

அவர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார். வீட்டில் சிட்டுவைத் தவிர வேறு யாரும் இல்லை. இருந்தும் சாத்தினார், பாவம்.

ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியமாகச் சொன்னாள்.

“மடிப்பை விரிச்சு குழாய்க்குக் கீழ பிடிங்க. உடனே தேய்க்காதீங்க. தண்ணியே இழுத்துட்டுப் போகும்.”

“சரி.”

“அப்புறம்தான் சோப்பு. வாசனைக்குன்னு விக்கிறாங்களே, அதையெல்லாம் ஊத்திடாதீங்க. துணி ஈரத்தை இழுக்காம வழிய விட்டுடும்.”

“சரி.”

“அலசுறதுதான் முக்கியம். சோப்பு உள்ள நின்னுடுச்சுன்னா காய்ஞ்சதும் அட்டை மாதிரி விறைச்சுக்கும். அவளுக்கு இடுக்குல புண்ணாகும். வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. மண்டையை இடிச்சுக்குவா. நீங்க தலைவலின்னு மாத்திரை குடுப்பீங்க.”

ஒரு முறை கொடுத்துமிருக்கிறார். அவள் வேண்டுமென்று குத்தவில்லை. ஆனாலும் குத்தியது.

“எது வரைக்கும் அலசணும்?”

“கையில வழுவழுப்பு போற வரைக்கும்.”

“பேரிங் கழுவுற மாதிரி.”

“உங்களுக்குப் பொண்டாட்டியும் மோட்டார், புள்ளையும் மோட்டார்” என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாகி, அது ஓய வெகுநேரம் பிடித்தது. ஓய்ந்தபின் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“அவளை அனுப்பிடாதீங்க.”

சிட்டுவைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் மகன் பேசி வைத்திருந்தான். நல்ல இடம்தான், சுற்றிலும் மரம். ஆனால் சேர்க்கும்போதே கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. மாதாமாதம் யார் பார்ப்பது என்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் என்ன தப்பு? போன வாரம் மகன் கேட்டபோது அவர் தலையாட்டியிருந்தார். அந்த நாட்களில் தன்னால் என்ன செய்ய முடியும் என்ற பயம் அவருக்கு. அதை இந்த நேரத்தில் இவளிடம் எப்படிச் சொல்வது?

“முதல்ல துணியைப் பாக்குறேன்” என்று எழுந்துவிட்டார்.

மகன் வந்தபோது அவர் குளியலறையில் குந்தியிருந்தார். வெந்துபோன கறை பழுப்பேறி, எத்தனை கசக்கினாலும் பெயராமல் நின்றது.

“என்னப்பா பண்றீங்க நீங்க?” மகன் கையிலிருந்த பிளாஸ்டிக் நாப்கின் பாக்கெட்டை நீட்டினான். “இதைப் போட்டுத் தூக்கி எறிஞ்சா முடிஞ்சது.”

“அவ போட மாட்டாடா. அந்தச் சரசரப்பு ஆகாது. பிய்ச்சு எறிஞ்சிடுவா.”

“அங்க போயிட்டா எல்லாம் சரியாயிடும். நாளன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போறோம்னுட்டாங்க.”

“அம்மா இன்னும் இருக்காடா.”

மகன் முகம் கோணியது. அழுகையை விழுங்குகிறான் என்று தெரிந்தது. “நான் போய் அம்மா பக்கத்துல உட்கார்றேன்” என்று உள்ளே போனான்.

அன்றைய துணிகள் இரண்டு தனியே கிடந்தன. அவற்றை எடுத்து, மடிப்பை விரித்து, குழாயைத் திறந்து, சொன்னபடியே பிடித்தார். தேய்க்கவில்லை. பாருங்கள், அவருக்கே நம்ப முடியவில்லை. சிவப்பு இழை இழையாகப் பிரிந்து தண்ணீரோடு போய்க்கொண்டே இருந்தது. துணியில் அவள் தைத்த தையல் ஒவ்வொன்றும் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது. சோப்பு போட்டார். அலசத் தொடங்கினார். இது போதுமா, இன்னும் வேண்டுமா என்று சந்தேகம் வந்தது. அவளிடம் காட்டிக் கேட்டுவிடலாம் என்று ஈரத்துணியோடு எழுந்து போனார்.

“இந்தா பாரு. இவ்வளவு போதுமா?”

அவள் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் புறங்கையில் விழுந்தது. கை அசையவில்லை.

“இப்பத்தான்ப்பா கண்ணசந்தாங்க” என்றான் மகன், காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றியபடி.

கரண்டி தரையில் கிடந்தது. குழாய்ச் சத்தத்தில் அது விழுந்தது அவருக்குக் கேட்கவில்லை. மகனுக்கும் கேட்கவில்லை. விழுமுன் அவள் தட்டினாளா என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

எப்போது அந்தத் துணிகளைக் கொண்டுபோய் மின்விசிறிக்குக் கீழே போட்டார் என்று அவருக்கு நினைவில்லை.

மறுநாள் மழை விடவில்லை. குடைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளுமாக வாசல் நிறைந்தது. கூட வேலை பார்த்தவர் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “எத்தனை பேரை மேல ஏத்திவிட்ட கை உன்னோடது...” என்று ஆரம்பித்து, வாக்கியம் எங்கே போகிறது என்று புரிந்ததும் பாதியில் நிறுத்தி மூக்கைச் சிந்தினார். ஆறுதல் சொல்ல வந்தவருக்கு இவரே ஆறுதலாகத் தலையாட்டினார்.

சிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அம்மாவின் கால் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். சுண்டுவிரலுக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து. இரவெல்லாம் யாரையும் கிட்டே விடவில்லை. பாவாடையின் பின்புறம் கறை பரவிக்கொண்டே போனது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மனைவியின் தங்கை, அவருடைய கொழுந்தியாள், குனிந்து காதோடு சொன்னாள். “அத்தான், அக்காவை எடுத்துட்டுப் போற வண்டி வர்ற நேரம். நான் உள்ள கூட்டிட்டுப் போய் மாத்திவிடுறேன். வாடி கண்ணு, சித்தியோட வா.”

நாப்கின் பாக்கெட்டைப் பிரிக்கும் சரசரப்பு கேட்டதுதான் தாமதம். சிட்டு சித்தியின் மணிக்கட்டைக் கடித்தாள். கத்தலும் தள்ளுமுள்ளுமாக ஒரு நாற்காலி சரிந்தது. அடுத்த நொடி குளியலறைக் கதவு அறைந்து சாத்தப்பட்டு, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பிறகு அந்தச் சத்தம். டொம். டொம். டொம்.

“தூக்க மாத்திரை ஏதாவது குடுத்துடலாம்ப்பா” என்றான் மகன். “கதவை உடைச்சிடலாம்.”

“யாரும் கதவைத் தொடாதீங்க.”

மின்விசிறிக்குக் கீழே காய்ந்த துணி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து பேசுவது அவருக்குப் பழகிய வேலை. பயப்படாதீங்க என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் பயம் கூடும். நம் கை என்ன செய்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

“சிட்டு, அப்பா இங்க தரையில உட்கார்ந்திருக்கேன். ஒரு காலை நீட்டிட்டேன். கையில உன் துணி இருக்கு. அம்மா தைச்சது. நீலப் பூ போட்டது. இப்ப கதவுக்கு அடியில தள்ளுறேன். பாதி வந்துடுச்சு பாரு.”

இடிப்பது நின்றது. துணி மெல்ல உள்ளே இழுபட்டது. வாசலில் யாரோ இருமினார்கள்.

துணி வெளியே வந்து விழுந்தது. டொம்.

எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அட்டை. ஓரமெல்லாம் சோப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அலசி முடிக்கவில்லை. போதுமா என்று கேட்கப் போனவர் திரும்பி வரவே இல்லையே.

“இது சரியில்லம்மா” என்றார் கதவிடம். “நீ சொல்றது சரி. நேத்து பாதியில விட்டுட்டேன். இன்னும் அலசணும். குழாய் உன் பக்கம்தான் இருக்கு. அப்பா உள்ள வந்து, குழாய்கிட்ட மட்டும் உட்கார்றேன். உன்னைத் தொட மாட்டேன்.”

டொம்.

“தொடவே மாட்டேன். குழாய்கிட்ட மட்டும்.”

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

அவள் மூலையில் ஒட்டி நின்றாள். நெற்றி புடைத்து நீலம் கட்டியிருந்தது. கெண்டைக்காலில் ரத்தம் கோடாக வழிந்து காய்ந்திருந்தது. அவர் அவளைப் பார்க்காமல் குந்தி, குழாயைத் திறந்தார். துணியிலிருந்து நுரை கிளம்பியது. நேற்றைய சோப்பு இவ்வளவு மிச்சம் இருந்திருக்கிறது.

வாசலில் வண்டியின் என்ஜின் உறுமியது. மகன் கதவருகே வந்து நின்றான்.

“அப்பா, எடுக்கணும். எல்லாரும் காத்திருக்காங்க.”

“நீங்க போங்கடா.”

“நீங்க வராமலா?”

“இவளை இப்படி விட்டுட்டு வர முடியாது.”

“சித்தி பாத்துப்பாங்க...” என்று தொடங்கியவன், சித்தி மணிக்கட்டைத் துணியால் சுற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். “பொண்டாட்டியை வழியனுப்பக்கூட வரலைன்னு பேசுவாங்கப்பா. அம்மாவே...”

“அம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா.” நுரை இன்னும் வந்துகொண்டிருந்தது. “நாளைக்கு அந்த இல்லத்துல இருந்து வர வேண்டாம்னு சொல்லிடு.”

மகன் தங்கையின் நெற்றியைப் பார்த்தான். அப்பாவின் கையைப் பார்த்தான். அவன் கேட்டதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

“எத்தனை மாசம்ப்பா? எத்தனை வருஷம்? நாளைக்கு நீங்களும் போயிட்டா இவளுக்கு யாரு?”

அவர் துணியைப் புரட்டி மறுபக்கத்தைக் குழாயில் காட்டினார்.

“தெரியலடா. இப்ப இதை அலசணும்.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

அழுகைச் சத்தம் ஒன்றாக எழுந்து, வாசலைத் தாண்டி நகர்ந்தது. வண்டியின் கதவுகள் சாத்தப்பட்டன. குளியலறைச் சுவரை ஒட்டித்தான் அந்தச் சந்து போகிறது. சக்கரங்கள் மழைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போவது, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கேட்டது. அவர் அலசுவதை நிறுத்தவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. சத்தம் தெருமுனையில் திரும்பி, தேய்ந்து, மழையோடு கலந்துவிட்டது.

காரியத்துக்கென்று மகன் போட்டுவிட்ட வெள்ளைச் சட்டையின் நீளக்கை நழுவி இறங்கி, தண்ணீரில் நனைந்து முழங்கை வரை ஊறியிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

மூலையிலிருந்து ஈரத் தரையில் பாதங்கள் நகர்ந்து வந்தன. சிட்டு அவர் பக்கத்தில் குந்தினாள். முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் அந்த ஈரச் சட்டைக்கையின் விளிம்பைப் பிடித்து, ஒரு மடிப்பு மடித்தாள். இன்னொரு மடிப்பு. அது கோணலாக நழுவி இறங்கியது. மறுபடி மடித்தாள்.