இடது தொட்டி முழுக்க + மூ

படகின் அடிப்பாகத்தை வார்க்கிற அச்சை நாளைக் காலை ரம்பம் போட்டு அறுக்கப்போகிறார்கள் என்று நெட்டை வந்து சொன்னபோது, நான் சீட்டு மெத்தைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். நெட்டை எங்கள் பட்டறையில் படகுகளை ஏரியில் ஓட்டிப் பார்க்கிறவன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அவன் அறுக்கப்போவதாகச் சொன்ன அச்சு என் வீட்டுக்காரர் செதுக்கியது. அவர் போய் ஒன்றரை வருஷம். அவர் கை பட்டதென்று மிச்சம் இருப்பது அந்த அச்சும், ஒழுங்காகச் சாத்தாத எங்கள் குளியலறைக் கதவும்தான்.

படகு எழுப்பும் அலை மேலேயே, கயிற்றைப் பிடிக்காமல் பலகையில் நின்று சறுக்கி வருவார்களே, அதற்கான படகு அது. வயிறு கத்தி மாதிரி இருந்தால் படகு அலையை வெட்டிக்கொண்டு போகும். நிறுத்தினால் தொட்டிலாய் ஆடும். தட்டையாக இருந்தால் நிற்கும்போது ஆடாது. ஓடும்போது இடுப்பை முறிக்கும். இவர் முன்பக்கம் கத்தி, பின்பக்கம் தட்டை என்று வைத்து, ஒன்று மற்றதாக மாறுகிற அந்த நடுப்பகுதியை ஆறு மாதம் தேய்த்தார். என்னோடு பேசியதைவிட அதைத் தடவிப் பார்த்ததுதான் அதிகம். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

பின்மூலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றி ஒரு பக்கத்தை அமுக்கினால், அந்தப் பக்கம் அலை வழுவழுவென்று எழும்ப வேண்டும். வாங்கிய மூன்று பேரும் இடது பக்கத்து அலை நுரைத்து விழுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பின்பக்கம் ரொம்பத் தட்டை, அமுங்க மாட்டேனென்கிறது, வடிவமே தப்பு என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறார்?

நெட்டையிடம் இருந்த அவருடைய சோதனை நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘இடது தொட்டி முழுக்க + மூ’ என்று எழுதியிருந்தார். இது என்னடா என்றேன். தொட்டிக்கு மூடி போடச் சொல்லியிருக்கிறார், இறுக்கிப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுகிறோம் என்றான்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூடியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மூட்டை! அந்தப் படகின் ஒவ்வொரு சோதனைக்கும் இடது பின்மூலையில் உட்கார்ந்தவள் நான். எண்பத்தொரு கிலோ. ஏரியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவார். கோபம் மூக்குக்கு மேல் வரும் எனக்கு. இப்போது அந்தப் பெயரை முதலாளியின் மேஜை முன்னால் நின்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரி, கடைசியாக ஒரு ஓட்டம் பார்த்துவிடலாம் என்றார்.

அன்று மத்தியானமே நெட்டை ஓட்ட, என் மூலையில் போய் உட்கார்ந்தேன். முதலாளி படகுத்துறையில் நின்றார். அலை எழும்பியது, முனையில் சரிந்து நுரையாகப் போனது. போனில் முதலாளியின் குரல் கேட்டது.

“விடுங்கம்மா. நீங்க உக்காந்தும் சரியா வரல. அச்சுலதான் தப்பு.”

குனிந்து பார்த்தேன். எனக்கு இரண்டு பக்கமும் மெத்தை தெரிந்தது. முன்பெல்லாம் அந்த மூலையை அடைத்துக்கொண்டு உட்காருவேன். ஒருத்திக்காக யார் அடுப்பு பற்றவைப்பது என்று, நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறேன். போன மாதம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள், அறுபது. மிச்சம் இருபத்தொரு கிலோ எங்கே போச்சு என்று கேட்க எனக்கு ஆளில்லை.

“முன்னால கெடக்கிற நங்கூரத்தை எடுத்துட்டு வாப்பா. சங்கிலியோட.”

“எதுக்குக்கா?”

“நான் எளைச்சிட்டேன்.”

மடியில் வைத்துவிட்டுப் போனான். துரு வாசனை, ஈரம், நல்ல கனம். படகு வேகம் பிடித்ததும் என் மூலை தண்ணீருக்குள் அமுங்கியது. திரும்பிப் பார்த்தேன். அலை கண்ணாடி மாதிரி நிமிர்ந்து நின்றது, ஒரு நுரை இல்லை.

அச்சை அறுக்க வேண்டாம், அந்த மூலைத் தொட்டியைப் பெரிதாக்கிவிட்டால் ஆள் உட்காரத் தேவையிருக்காது என்று முதலாளி போனில் சொன்னதாக நெட்டை சந்தோஷமாகச் சொன்னான். எனக்கும் சந்தோஷம்தான்.

“போதும்க்கா, எறக்கி வைங்க. தொடை வலிக்கும்.”

“இன்னொரு சுத்து போ.”

சங்கிலியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அலை, மேலே ஆளில்லாமல், உடையாமல் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.