மிஷினுக்கு வைத்த சந்தனம்

வெந்நீரை ஊற்றிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சந்தன வாசனை வந்தது. சேட்டு சொம்பைக் கீழே வைத்துவிட்டு எதிரில் குனிந்திருந்த பச்சமுத்துவைப் பார்த்தான். அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"சந்தன வாசன வருது இல்ல?"

"ஊதுவத்தியா இருக்கும். மொதலாளி சாமி படத்துக்குக் கொளுத்தி வச்சிகிறாரு" என்றான் சேட்டு. பொய் சொல்ல இத்தனை சுருக்காக வாய் வருமென்று அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இருவருக்கும் நடுவே பெஞ்சின் மேல் சாண்டர் மிஷின் மல்லாந்து கிடந்தது. உத்திரமேரூரில் வந்தவாசி ரோட்டோரம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் டிங்கர் பார்த்துப் பெயிண்ட் அடிக்கிற தேவராஜனின் ஷெட்டுக்கு, அந்த எண்பத்தாறாம் வருஷம் சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சினன் கொண்டுவந்து கொடுத்தது. கம்ப்ரஸர் குழாயை மாட்டி அமுக்கினால் அடியிலுள்ள வட்ட ரப்பர் பேடு சுற்றவும் செய்யும், கிறுகிறுவென்று ஆடவும் செய்யும். பேடில் உப்புத்தாளை ஒட்டி, நசுங்கலை நிரப்பப் பட்டி பூசிய தகரத்தில் வைத்தால் அரைநாள் தேய்ப்பு அரைமணியில் முடியும். தேவராஜன் அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டாத குறைதான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளே அவர் கண்டித்துச் சொல்லியிருந்தார். "சுத்தி, ஸ்பேனருக்கெல்லாம் இன்னா வேணா பூசுங்க. இதுங்கிட்ட ஒரு பூ வச்சா போதும். ஃபாரின் சாமான், புரிதா?" எல்லாரும் தலையாட்டினார்கள். சேட்டுவும்தான் ஆட்டினான். ஆனால் முந்தின வருஷம் அவசரத்தில் பொட்டு வைக்க விட்டுப்போன டிரில்லிங் மிஷின்தான் தை மாசம் அவன் உள்ளங்கைச் சதையைப் பிய்த்தெடுத்தது. அந்தத் தழும்பை வைத்துக்கொண்டு ஒரு ஆயுதத்தை மட்டும் மூளியாக விட அவனுக்கு மனசு வரவில்லை. யாரும் பார்க்காதபோது மிஷினின் கழுத்தைச் சுற்றிக் குழைசந்தனத்தைத் தாராளமாக அப்பினான். மேலே குங்குமம். மறுநாள் மேலாகத் துடைத்தும் விட்டான். கழுத்துக்கும் பேடுக்கும் நடுவே இறங்கினதை யார் கண்டது?

அடுத்தாற்போல் மழை பிடித்து ஐந்து நாள் ஷெட் மூடிக் கிடந்தது. உள்ளே இறங்கிய சந்தனம் அங்கிருந்த பட்டித் தூளோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. ஷெட் திறந்த அன்று மிஷினை முதலில் கையிலெடுத்த பாவம் பச்சமுத்துவினுடையது. அமுக்கினான், சுற்றவில்லை. பேடைக் கழற்றப் பார்த்தான், கழலவில்லை. மரச்சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினான். அந்தச் சத்தத்துக்குத் தேவராஜன் வந்து நின்றார். "கீள போட்டுட்டு சுத்தியால தட்டிக்கினு கீறியாடா?" என்று பிடித்துக்கொண்டார். அவன் சத்தியம் பண்ணியும் கேட்கவில்லை, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சேட்டு பக்கத்தில்தான் நின்றான். வாயில் கொழுக்கட்டை.

எட்டு நாளாகப் பச்சமுத்து திருப்புலிவனத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து வாசலில் நின்றான். அவன் பெண்சாதி தேவகிக்கு இது நிறைமாசம். கடைசியில் தேவராஜன் இறங்கி வந்தார். "கயட்டிப் பாக்கலாம். உள்ள வேற காரணம் எதுனா இருந்தா நீ வேலைக்கு வா. இல்லன்னா இந்தப் பக்கமே தல காட்டாத."

அதற்காகத்தான் இந்த வெந்நீர். பெட்டியோடு வந்த மெல்லிசு ஸ்பேனர் எப்போதோ தொலைந்துபோய், பழைய ஸ்பேனர் ஒன்றைச் சாணைக்கல்லில் தேய்த்துத் தகடாக்கியிருந்தார்கள். பச்சமுத்து அதை இடுக்கில் விட்டுப் பேடு மாட்டியிருக்கிற தண்டை அசையாமல் பிடித்துக்கொள்ள, சேட்டு பேடை இரண்டு கையாலும் இடப்பக்கம் திருக வேண்டும். ஒரு ஆளால் ஆகாத காரியம்.

"நல்லா மூச்சுப் புடிச்சித் திருவுப்பா. உள்ள என்னாவோ கீது. நான் போடல சேட்டு, என் புள்ள மேல ஆணையா போடல."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு சேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

இன்னும் இரண்டு சொம்பு ஊற்றினார்கள். மூன்றாவது தடவை பேடு நறநறவென்று ஒரு நூல் அசைந்தது. பச்சமுத்துவின் முகத்தில் எட்டு நாளாக இல்லாத சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் சேட்டுவுக்குப் பெண்சாதி சுலோச்சனாவும் மூன்று பிள்ளைகளும் கண்முன் வந்தார்கள். "இனிமே கையாலயே வந்துடும். நீ போயி மொதலாளிய இட்டுக்கினு வா" என்றான்.

பச்சமுத்து ஓடினான்.

பேடு கையோடு வந்தது. தண்டைச் சுற்றி மஞ்சள் வளையம், நடுவில் குங்குமச் சிவப்பு. சாமிக்கு வைத்தது. சேட்டு பழந்துணியை வெந்நீரில் தோய்த்து, நகத்தை விட்டுச் சுரண்டித் துடைத்தான். துணியைக் கழிவுத்துணி டப்பாவில் திணித்துவிட்டு, வாசனை போகத் தண்டின் மேல் தின்னரைக் கவிழ்த்தான்.

தேவராஜன் வந்து குனிந்து பார்த்தார். "ஒண்ணியும் காணமே."

"சந்தன வாசன வந்துது மொதலாளி. சேட்டுவக் கேளுங்க" என்றான் பச்சமுத்து.

இருவரும் சேட்டுவைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணியும் வரல" என்றான் சேட்டு.

தேவராஜன் பச்சமுத்துவிடம் வாசலைக் கை காட்டிவிட்டு, முன்பக்கம் காத்திருந்த பஸ்காரரிடம் பேசப் போய்விட்டார். பச்சமுத்து வழக்கம்போல, கை துடைத்துக்கொண்டு கிளம்ப டப்பாவிலிருந்து ஒரு துணியை இழுத்தான். ஈரமாக இருந்தது. விரித்தான். மஞ்சள், நடுவே சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனான்.

சேட்டு காத்திருந்தான். இருபதடி தூரத்தில்தான் முதலாளி. கத்தித் தொலையேன், நாலு அறை விடேன் என்றுகூட இருந்தது.

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா சேந்து தொடச்சிருப்பமே சேட்டு" என்றான் பச்சமுத்து. அவ்வளவுதான். துணியை பெஞ்சின் ஓரத்தில், யார் கண்ணிலும் படுகிற மாதிரி விரித்துப் போட்டுவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

"மாட்டி ஓட்டிக் காட்டுடா!" என்று முன்பக்கமிருந்து தேவராஜன் குரல் கொடுத்தார்.

சேட்டு பேடைத் திருகி, குழாயை மாட்டி அமுக்கினான். மிஷின் நன்றாகவே சுற்றியது. அதிலிருந்து வெளிவந்த காற்றில் பெஞ்சின் ஓரத்தில் கிடந்த துணி படபடத்தது. தேவராஜனின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு கையை விட்டால் துணியை இழுத்துவிடலாம். சேட்டு இரண்டு கையாலும் மிஷினைப் பிடித்தபடி நின்றான்.