முறுக்கின் மூக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் முறுக்கின் மூக்கு காய்ந்து கிடந்தது. தொட்டால் சுட்டது. மரிய அருள் மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தான்.

முறுக்கு ஒரு நாட்டு நாய். வால் சுருண்டிருந்ததால் அந்தப் பெயர். வைத்தவள் அருளின் மனைவி நித்யா மேரி. போன வருடம் ஒரு காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். திருப்பாதிரிப்புலியூர் வாடகை வீட்டில் மிஞ்சியது அவனும் நாயும்தான். அடக்கம் முடிந்த கையோடு சிதம்பரத்து மாமியார் ஞானமேரி நாயைக் கேட்டார்.

"எம் பொண்ணு வளத்த நாய் மாப்ள. உங்களுக்கே சோறு போட ஆளில்ல. அதுக்கு யாரு போடுவா?"

"இருக்கட்டும் அத்தை" என்றான் அருள். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. அன்றிலிருந்து யாரிடமும் வரவில்லை.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு நாயைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். உடம்பு சரியில்லை என்று ஞானமேரி கண்டால் அன்றே நாய் சிதம்பரத்தில் தங்கிவிடும்.

ஞானமேரி நாயின் உடம்பைப் பார்ப்பது ஒரே இடத்தில்தான். கதவைத் திறந்ததும், வந்தவர்களை வா என்று கேட்பதற்கு முன்னால், குனிந்து புறங்கையை நாயின் மூக்கில் வைப்பார். சில்லென்று ஈரமாக இருந்தால் நாய் சுகம். காய்ந்து சுட்டால் காய்ச்சல். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

அருள் வேதியியல் முதுகலை. சிப்காட்டில் ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. படித்த படிப்புக்கு ஏற்ற காரியம் செய்தான். கொரோனா காலத்தில் வாங்கிய காய்ச்சல் துப்பாக்கியைத் தேடி எடுத்து நாயின் மூக்குக்கு நேரே பிடித்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. தன் நெற்றியில் வைத்துப் பார்த்தான். அதற்கும் சிவப்புதான். சுவருக்கும் சிவப்பு. முறுக்கு எம்பித் துப்பாக்கியைக் கவ்விக்கொண்டு கூடத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. காய்ச்சல்கார நாய் இப்படி ஓடுமா என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவனுக்கு மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

நித்யாவின் தம்பி ராபர்ட் குட்டியானையோடு வந்து நின்றான். மற்ற நாட்களில் தண்ணீர் கேன் போடும் வண்டி.

"மாமா, கெளம்பலாமா?"

"மூக்கு காஞ்சிருக்கு."

"யாருக்கு?"

அருள் நாயைக் காட்டினான். ராபர்ட் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான்.

"இன்னா மாமா, தோசைக்கல்லு மாதிரி இருக்குது! எங்கம்மா புடுங்கி வெச்சிக்குமே."

"இன்னிக்குப் போவலன்னா?"

"பஸ் ஏறி அம்மாவே வந்துடும். கோவம் இன்னும் ஜாஸ்தியா இருக்கும். நீ ஏறு, போற வழியில பாத்துக்கலாம்."

அக்னி நட்சத்திர வெயில். முறுக்கு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ஜன்னல் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தது. அருள் கைக்குட்டையை நனைத்து மூக்கைத் துடைத்தான். ஆலப்பாக்கம் வருவதற்குள் காய்ந்தது. மறுபடி துடைத்தான். புதுச்சத்திரத்தில் மறுபடி காய்ந்தது. ஒரு டீக்கடையில் ராபர்ட் ஐஸ்கட்டி வாங்கி வந்தான். முறுக்கு அதைக் கடித்துத் தின்றுவிட்டு இன்னொன்று கிடைக்குமா என்று பார்த்தது.

"தண்ணி நிக்காது மாமா" என்றான் ராபர்ட் யோசனையோடு. பிறகு கண்ணாடிக்குக் கீழே மாதா சொரூபத்தின் காலடியில் இருந்த சின்னப் பாட்டிலை எடுத்தான். வேளாங்கண்ணி எண்ணெய். அவர்கள் வீட்டில் தலைவலி, கால்வலி, பரீட்சை, வண்டி ஸ்டார்ட் ஆகாதது எல்லாவற்றுக்கும் அதுதான்.

"பளபளன்னு இருக்கும். ஈரம் மாதிரியே தெரியும். மாதாவும் பாத்துக்கும்."

அருள் தடவினான். முறுக்கு நக்கியது. தடவத் தடவ நக்கியது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது பாட்டில் ஏறக்குறையக் காலி. கடைசிச் சொட்டை மாமியார் வீட்டு வாசலில் வைத்துத் தடவி, நாயின் வாயைக் கையால் பொத்தியபடி அழைப்பு மணியை அடித்தான்.

ஞானமேரி கதவைத் திறந்தார். குனிந்தார். புறங்கையை வைத்தார். எடுத்தார். மோந்து பார்த்தார். கை பழக்கத்தில் சிலுவை போட்டுவிட்டது.

"வேளாங்கண்ணி எண்ணெ. யாருடா தடவுனது?"

ராபர்ட் மாமாவைப் பார்த்தான். அருள் வாசற்படியைப் பார்த்தான்.

"மாதாவ வெச்சி என்னையே ஏமாத்துறீங்களா? நல்லா இருக்குது." கையில் ஒட்டிய எண்ணெயை வீணாக்க மனமில்லாமல் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டார். முந்தானையால் நாயின் மூக்கை அழுத்தித் துடைத்து மறுபடி தொட்டார். "கொதிக்குது. நாய் இங்கயே இருக்கட்டும் மாப்ள. நீங்க சாப்ட்டுட்டுக் கெளம்புங்க."

அந்த நேரம் முறுக்கு சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடி, செம்பருத்தித் தொட்டி ஓரமாகக் குந்தி, குடித்த எண்ணெய் முழுவதையும் பின்பக்கமாகக் கணக்குத் தீர்த்தது.

"பாருங்க, வயிறும் போவுது!" என்றார் ஞானமேரி வெற்றியோடு.

அருள் சங்கிலியை எட்டிப் பிடித்தான். "டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் சொல்லுங்க அத்தை."

அடுத்த தெருவில் கால்நடை டாக்டர் எழிலன் இருந்தார். கீரப்பாளையம் பக்கம் மாடுகளைப் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். ஞானமேரி நோயைச் சொன்னார். டாக்டர் மூக்கைத் தொடவே இல்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். வாலைத் தூக்கித் தெர்மாமீட்டரைச் செருகினார். ராபர்ட் சட்டென்று திரும்பிக் காலண்டரைப் படித்தான்.

"ஜுரம் இல்லையே. சாப்பிடுதா?" என்றார் டாக்டர்.

"சாப்பிடுது சார்" என்றான் அருள். நிறுத்தவில்லை. "காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் நெத்திலி வேகவெச்ச தண்ணியில சோறு. தயிர் புளிச்சிருந்தா தொடாது, என் தட்டுல இருந்தா மட்டும் தின்னும். தண்ணிய பாத்திரத்துல குடிக்காது, பக்கெட்டுலதான். ராத்திரி மூக்க என் அக்குள்ள வெச்சிக்கிட்டுத்தான் தூங்கும். பன் விக்கிறவர் ஹாரன் அடிச்சதும் எழுந்திருக்கும். நித்யா செருப்ப மட்டும் கடிக்காது. குக்கர் விசில் கேட்டா கட்டிலுக்கு அடியில போயி நடுங்கும், அதனால குக்கர்ல வைக்கிறதில்ல, பானையிலதான் வடிக்கிறேன்—"

"சார், போதும் சார். சாப்பிடுதான்னுதான் கேட்டேன்."

ராபர்ட் காலண்டரை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தான்.

"மூக்க மட்டும் வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். "தூங்கி எழுந்தா காயும். வெயில்ல காயும். காத்துல காயும். இது அக்குள்ள வெச்சிக்கிட்டுத் தூங்குதாம், சுடாம என்ன பண்ணும்? மூக்கு ஈரமா இருக்கிற நாய்க்கும் ஜுரம் வரும். சாப்பாட்ட வெறுத்தா, சுருண்டு படுத்துக்கிட்டா, மூக்கு வெடிச்சிப் புண்ணானா, சளி ஒழுகினா கூட்டிக்கிட்டு வாங்க. வயித்தால போறது எண்ணெயாலதான். இன்னிக்கி லேசா சோறு போடுங்க."

"யாருகிட்ட இருந்தா நல்லதுன்னு சொல்லுங்க டாக்டர்" என்று ஞானமேரி விடவில்லை.

"அதுக்கெல்லாம் கோர்ட்டு இருக்குதும்மா."

திரும்பும் வழியெல்லாம் ஞானமேரி முன்னால் நடந்தார். சங்கிலி அவர் கையில் இருந்தது. அருள் பின்னால் நடந்தான். வாசல் கேட்டருகே ஞானமேரி நின்றார்.

"மாப்ள. நித்யா போனதுலேர்ந்து என்கிட்ட நீங்க பேசுனத எல்லாம் ஒண்ணா சேத்தாலும், அந்த டாக்டர்கிட்ட பேசுனதுல பாதி தேறாது."

அருள் குனிந்து முறுக்கின் காதைச் சொறிந்தான்.

"இத நான் வாங்கிக்கிட்டா நீங்க எதப் பத்திப் பேசுவீங்க?" சங்கிலியை அவன் கையில் திணித்தார். "ஓட்டிக்கிட்டுப் போங்க."

"சரி அத்தை."

"பாத்தியாடா ராபர்ட்? ரெண்டே வார்த்தை. முடிஞ்சிது."

ராபர்ட் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினான். ஞானமேரி கேட்டைச் சாத்தப் போனவர் நின்று, கொஞ்சம் யோசித்துக் கேட்டார்.

"பானையில வடிக்கிறீங்களே, அந்தக் கஞ்சிய இன்னா பண்றீங்க?"

"இதுக்குத்தான் அத்தை" என்றான் அருள். "ஆற வெச்சி, உப்பு போடாம ஊத்துவேன். முதல்ல குடிக்கல. நித்யா கரண்டியால ஊட்டுவா, அது ஞாபகம் வந்துது. நானும் அப்படியே ஊட்டிப் பாத்தேன். அப்பவும் மூஞ்ச திருப்பிக்கிச்சி. அப்புறம் ஒரு நாள்..."

ராபர்ட் என்ஜினை அணைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான்.