மாடிப்படிக்கு அடியில் ஒரு பீர்

பீர்க் கலனின் மூடி திறந்தபோது மாடிப்படிக்கு அடியில் இருந்தவர்கள்: என் தம்பி ஸ்பினியெக், அவன் மகனைக் கட்டிக்கொண்ட வெந்துலா, எங்களிடம் வாங்கிப்போன ஏணியைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டு ஹவ்ரானெக், ஒட்டிலியே குபால்கோவாவாகிய நான். வேறு யாரும் இல்லை. சத்தம் கேட்டுத் தெருவிலிருந்து ஓடிவந்தவர்கள் பிறகு வந்தவர்கள். அவர்கள் எதையும் பார்க்கவில்லை.

எங்கள் ஊர்த் தீயணைப்புப் படைக்கு முதல் பம்பு வாங்குவதற்காகத் தன் ஜோடிக் குதிரைகளை விற்றவர் என் தாத்தா. அன்றிலிருந்து இலையுதிர்காலத் திருவிழாவில், தீயணைப்பு மண்டபத்தின் முதல் கோப்பை எங்கள் குபாலெக் வீட்டுப் பீப்பாயிலிருந்துதான் ஊற்றப்படும். (குபாலெக் என்பது வீட்டுப் பெயர்; பெண்களுக்கு அதுவே குபால்கோவா.) மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவர் கையிலும் எங்கள் பீர் போய்ச் சேரும். படைத்தலைவர் எங்கள் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்துவார். எல்லோரும் குடித்த பிறகே மற்ற வீட்டுப் பீப்பாய்கள் திறக்கப்படும். போர்க்காலத்தில்கூட இது நிற்கவில்லை.

ஆனால் நகராட்சி தெருவுக்கு அடியில் வெந்நீர்க் குழாய் போட்டது. அது எங்கள் நிலவறைச் சுவரை ஒட்டிப் போகிறது. குளிரிலே நிதானமாகப் புளிக்க வேண்டிய பீர் வெதுவெதுப்பில் அவசரப்பட்டுப் புளித்தது. முந்தின இரண்டு திருவிழாக்களிலும் எங்கள் பீரில் பழ வாசனை அடித்தது. மண்டபத்தில் எல்லோரும் மரியாதைக்காகக் குடித்து முடித்தார்கள். ஹவ்ரானெக் மட்டும் கோப்பையை முகர்ந்துவிட்டு, "பேரிக்காய் ஜூஸ் நல்லாத்தான் இருக்கு. பீர் எப்ப வரும்?" என்று கேட்டார். அதற்குச் சிரித்தவர்களை எனக்கு நினைவிருக்கிறது.

மூன்றாம் முறையும் அப்படி ஆனால் முதல் கோப்பை ஹவ்ரானெக் வீட்டுக்குப் போகும் என்று படைத்தலைவர் லுபோர் தாமே என்னிடம் வந்து சொன்னார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

அன்று மாலை வெந்துலா என்னிடம் பேசினாள். அவள் லாரிகளுக்குக் காற்று பிரேக் செய்யும் தொழிற்சாலையில் அழுத்தம் சோதிக்கிறவள்.

"அத்தே, நிலவறைய விட்டுடுங்க. இனி அது குளிராது. பிரஷர் டிரம் ஒண்ணு வாங்குவோம். மூடிவெச்சு அழுத்தத்துலயே புளிக்க விட்டா, வீட்டுச் சூட்டுல கூட பழ வாசனை வராது. ஈஸ்ட்டு ஆட்டம் போடாம அடங்கி வேலை செய்யும்."

"குக்கர்ல பீரா?" என்றான் ஸ்பினியெக்.

"குக்கர்ல தீ வைக்கணும் மாமா. இதுல ஈஸ்ட்டே அழுத்தத்த உண்டாக்கும். அளவுக்கு மேல போறத மட்டும் வால்வு வெளிய விடும்."

நானும் அவளும் பஸ்ஸில் யிஹ்லவா நகரத்துக்குப் போனோம். கடைக்காரன் முதலில் காட்டியது கண்ணாடி போலத் தெளிவான ஒரு பிளாஸ்டிக் கலன்.

"உள்ள நடக்கறது எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அத்தே. விலையும் கம்மி. ஆனா கீறல் விழக்கூடாது. காலாவதித் தேதி வேற போட்டிருக்கு, அதுக்கப்புறம் அழுத்தத்துக்கு நம்ப முடியாது."

"தேதி போட்ட பாத்திரத்துல நம்ம பேர ஊத்த முடியாது" என்றேன்.

அவள் சிரித்தாள். "அப்ப ஸ்டீலு. ஆனா நான் பாத்துச் சொல்றதுதான்."

கடைக்காரன் பளபளப்பாக எதையோ காட்டினான். அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கலனிலும் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தாள். கை எட்டாத இடத்தை எதைக் கொண்டு தேய்ப்பது என்று அவனைக் கேட்டாள். அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு மூடியிலேயே இருக்கிறதா என்று பார்த்தாள். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் தனியாகக் கிடைக்குமா என்றும் விசாரித்தாள். அவன் பதில் சொல்லத் தடுமாறிய கலன்களையெல்லாம் ஒதுக்கினாள். நான் குறுக்கிடவில்லை. பளபளப்பைப் பார்க்காமல் வேலைக்கு ஆகுமா என்று பார்த்து வாங்குகிற ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

மால்ட் சாற்றை நாங்கள் எப்போதும் போலவே காய்ச்சினோம். அதில் ஒன்றும் மாற்றமில்லை. வெந்துலா அதை ஆறவைத்து, வாங்கி வந்த ஸ்டீல் கலனில் ஊற்றி ஈஸ்ட்டைச் சேர்த்தாள். மேலே கால் பங்கு இடத்தைக் காலியாக விட்டாள்.

"இவ்ளோ காலியா?" என்றான் ஸ்பினியெக்.

"நுரை ஏறி வால்வுக்குள்ள புகுந்தா அடைச்சுக்கும் மாமா. அடைச்சா அழுத்தம் ஏறும்."

மாடிப்படிக்கு அடியில் கலனை வைத்தோம். மூடியிலிருந்த அழுத்தமானியின் முள் மெல்ல ஏறி, அவள் வால்வில் வைத்த அளவில் நின்றது. வால்வு அவ்வப்போது மூச்சு விட்டது. அந்தப் பக்கம் போகும்போது முகர்ந்து பார்த்தேன். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவும் ரொட்டியும்தான் மணத்தன. பேரிக்காய் இல்லை.

பிசகு என் தம்பிக்குள்ளே ஊறிப்போன பழக்கத்திலிருந்து வந்தது. திறந்த மரத்தொட்டியில் பீர் புளிக்கும்போது பழுப்பு நுரை மேலே தடிமனாகப் படரும். அதைக் கம்பளி என்போம். எங்கள் அப்பா காலையில் எழுந்ததும் முகம் கழுவும் முன் துளைக்கரண்டியால் கம்பளியை வழித்து எறிவார். எறியாவிட்டால் பீர் நாக்கில் ஒட்டிக்கொண்டு கசக்கும். ஸ்பினியெக் அந்தக் கரண்டியைப் பிடித்தபடியே வளர்ந்தவன். கம்பளி வழிக்காத பீரைத் திருவிழாவுக்குக் கொண்டுபோவது அவனுக்குச் சட்டை இல்லாமல் போவது மாதிரி.

அன்று ஏணியோடு வந்த ஹவ்ரானெக் படிக்கட்டின் அடியை எட்டிப் பார்த்தார். "அடடே, இதுதானா குக்கர்? விசில் வந்துடுச்சா?" என்றார்.

"சிரிக்காதேய்யா" என்றான் ஸ்பினியெக். "ஏய் வெந்துலா, இதுல கம்பளிய யாரு எடுக்கறது?"

"எடுக்க வேணாம் மாமா. அது கலனோட உள்சுவத்துல ஒட்டிக்கும்."

"கம்பளி எடுக்காத குபாலெக் பீரா?" என்றார் ஹவ்ரானெக். "ஒங்கப்பா இருந்திருந்தா..."

அதற்குள் என் தம்பி கரண்டியை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டான். பாதுகாப்பு வால்வை இழுத்துப் பிடித்து அழுத்தத்தை ஒரேயடியாக வெளியே விட்டான். மூடியைப் பூட்டியிருந்த கொக்கியைத் தூக்கினான்.

"மாமா, வேணாம்!"

சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் என்ன ஆகுமோ அது ஆனது. வெள்ளை நுரை தூணாக எழுந்து படிக்கட்டின் அடிப்பலகையில் மோதி எங்கள் நால்வர் மேலும் கொட்டியது. வெந்துலா அதற்குள்ளேயே நுழைந்து, மூடியை முழங்கையால் அமுக்கிக் கொக்கியைத் தள்ளிப் பூட்டினாள். அவள் தலைமுடியிலிருந்து பீர் சொட்டியது.

ஹவ்ரானெக் முகத்தைத் துடைத்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டார். பிறகு, "கவலப்படாதீங்க ஒட்டிலியே அக்கா. முதல் கோப்பைக்கு என் பீப்பாய் தயாரா இருக்கு" என்றார்.

"ஏணிய வெச்சிட்டுப் போங்க" என்றேன்.

அவர் போன பிறகுதான் கேட்டேன். "எவ்ளோ போச்சு?"

வெந்துலா கலனைச் சற்றுத் தூக்கிப் பார்த்தாள். "பாதி இருக்கும்."

"கெட்டுடுச்சா?"

"ஈஸ்ட்டு இன்னும் வேலைலதான் இருக்கு. உள்ள போன காத்த அதுவே தின்னுடும். பாதி பீரு அத்தே, ஆனா முழு பீரு."

அவள் வால்வைக் கழற்றி அடைத்திருந்த நுரையைக் கழுவினாள். சாயங்காலத்துக்குள் முள் மறுபடி நகர்ந்தது. ஸ்பினியெக் தரையைத் துடைத்தான். யாரும் அவனைத் துடைக்கச் சொல்லவில்லை.

பீர் முதிர்ந்து தெளிந்ததும் குளிரவைத்து மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே கூட்டத்தைப் பார்த்த வெந்துலா என் காதோரம் வந்தாள்.

"பத்தாது அத்தே. ஆளுக்கு அரைக் கோப்பை ஊத்தினாதான் கடைசி வரைக்கும் போகும்."

"அரைக் கோப்பைய நம்ம வீட்டுப் பேர்ல யாரும் தூக்க மாட்டாங்க."

ஸ்பினியெக் வாயைத் திறந்தான்.  "பாலா ஊத்து" என்றான்.

பால் என்பது பழைய ஊற்று. குழாயைக் கொஞ்சமே திறந்து, கோப்பையை விளிம்பு வரை ஈரமான கெட்டி நுரையால் நிரப்புவது. பார்வைக்கு முழுக் கோப்பை. இறங்குகிற பீர் கொஞ்சம்தான். நுரை அடங்கும் முன் ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும். ஆனால் நுரை சீக்கிரம் உடைகிற பீரில் பால் நிற்காது. அதனால்தான் எங்கள் நிலவறை கெட்ட பிறகு நாங்கள் அதை முயன்றதில்லை.

வெந்துலா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

ஊற்றினாள். அழுத்தத்திலேயே பிறந்த நுரை பாலேடு போலச் சரியாமல் நின்றது. கோப்பைகள் மேசை மேசையாகப் போயின. ஹவ்ரானெக் கையிலும் ஒன்று போனது. லுபோர் வெள்ளைக் கோப்பையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"முதல் கோப்பைய இந்த மண்டபத்துல பாலா யாரும் ஊத்தினதில்லையே."

"இனி ஊத்துவாங்க" என்றேன். "பேரச் சொல்லுங்க."

"குபாலெக்!"

"யாரு காய்ச்சினதுன்னு சொல்லுங்க."

அது வழக்கம் இல்லை. பெயர் சொன்னால் போதும். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"வெந்துலா குபால்கோவா!" என்றார் லுபோர்.

மண்டபம் முழுவதும் ஒரே மூச்சில் குடித்தது. யாரும் முகரவில்லை. கோப்பைகள் மேசையில் இறங்கிய சத்தம் கேட்டது. ஸ்பினியெக் கடைசிக் கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டு வெந்துலாவைப் பார்த்து, "கசக்கல" என்றான். அவனுக்கு அதைவிடப் பெரிதாகச் சொல்லத் தெரியாது. அவளும் அதைவிடப் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஹவ்ரானெக் காலிக் கோப்பையை நீட்டி இன்னொன்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்று நானே போய்ச் சொன்னேன். அவருடைய பீப்பாய் அதற்குப் பிறகு திறக்கப்பட்டது, வரிசைப்படி.

எங்கள் பீர் முழுக்க வீட்டிலேயே கொட்டிப்போய்விட்டது, திருவிழாவுக்கு யிஹ்லவாவிலிருந்து ஆலை பீர் வாங்கி ஊற்றினோம், அதனால்தான் அவ்வளவு தெளிவாக இருந்தது என்று ஹவ்ரானெக்கின் மனைவி ரொட்டிக்கடையில் சொல்கிறாள். அது பொய். அன்று ஊற்றிய பீர் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வெந்துலா காய்ச்சியது.