மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவர்

தும்மினால் பறக்கிற வீரனைப் பற்றிய எங்கள் பழைய தொலைக்காட்சிச் சிரிப்புத் தொடரை டிவிடியாகக் கொண்டுவருகிறார்கள். படம் ஓடும்போது பின்னணியில் யாராவது பழங்கதை பேச வேண்டுமாம். வீரனாக நடித்த ராய்ஸ் போன மாதம் இறந்துவிட்டதால், பர்பாங்க் நகரத்து ஒலிப்பதிவு அறையில் அவன் மனைவி மாக்சினையும் அவனுக்கு டூப் போட்ட என்னையும் உட்கார வைத்தார்கள். அவன் தும்முவான், நான் விழுவேன். எங்கள் நட்பு அவ்வளவுதான்.

திரையில் அவன் முகத்தைப் பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். பல்மருத்துவர் ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

ஏழாவது பகுதியில் வீரன் மூன்றாம் மாடியிலிருந்து குப்பைத் தொட்டிக்குள் விழுந்தான். என் இடுப்பு உடைந்த காட்சி அது.

"வெண்டல், இது மட்டும் அவரே விழுந்ததுதானே?" என்றாள் மாக்சின். "நீ பயந்துபோய் வேனுக்குள்ள உக்காந்துட்டியாமே. நாப்பது வருஷமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

புளுகன். ஆனால் எனக்குக் கோபமும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் பேசச் சொல்லிக் கை காட்டினார்.

"ஆமா, அவன்தான்," என்றேன் மைக்கில். "நான் வேன்ல டோனட் தின்னுக்கிட்டிருந்தேன்."

"டோனட்டா? இதை அவர் சொன்னதே இல்லையே." மாக்சின் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்புறம்?"

அவன் எப்படிக் குதித்தான், காற்றில் எப்படித் திரும்பினான், தொட்டியின் விளிம்பு எந்த எலும்பில் பட்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த விழுதலை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.