சான்றிதழ் ஆணியில் தொங்கிய பேண்ட்

கோகுலகிருஷ்ணன் ஜப்பானுக்குப் போனதில்லை. அந்தத் திசையில் ஜெயங்கொண்டம் தாண்டியதற்கே சாட்சி கிடையாது. ஆனாலும் பெரம்பலூரில் அவர் நடத்திய ‘ஃபூஜி கைவினைக் கழக’த்தில் ஜப்பானைப் பற்றி அவர் சொன்னதே முடிவு. செருப்பைத் தெருவைப் பார்த்து விட வேண்டும். இடுப்பை ஒடித்து வணங்க வேண்டும். அவரை சார் என்று கூப்பிடக் கூடாது, சென்செய் என்றுதான் கூப்பிட வேண்டும். கற்றுக்கொடுத்தது சஷிகோ. கருநீலத் துணியில் தடித்த வெள்ளை நூலால் அரிசி மணி அரிசி மணியாகப் போடும் ஓட்டுத் தையல். அதில் அவர் பெற்ற சான்றிதழை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அவரே எழுதிக் கொடுத்து அச்சடித்திருந்தார்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி வந்து கற்றவள் நஜ்முன்னிசா. கணவன் ஹுமாயூனுக்கு துபாயில் வெல்டிங் வேலை. போன லீவில் வந்தவன் முட்டி கிழிந்த நீல வேலைப் பேண்ட் ஒன்றை விட்டுவிட்டுப் போனான். முட்டிக்கு உள்ளே துணி வைத்து நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட ஆரம்பித்தவளுக்குக் கை நிற்கவில்லை. நான்கு மாதத்தில் இரண்டு காலும் நிரம்பிவிட்டன. அரியலூரில் கழகத்தின் கண்காட்சி என்றதும், அது சுவரில் தொங்கும் என்று ஹுமாயூனிடம் சொல்லியும் விட்டாள். நம் ஊர் மூன்று மணிக்கு, அங்கே சாப்பாட்டு இடைவேளையில், வீடியோ காலில் பார்ப்பதாக அவனும் சொல்லியிருந்தான்.

கண்காட்சி அன்று காலையில், அரியலூர் ஹாலில், கோகுலகிருஷ்ணன் அந்தப் பேண்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“கிழிசல்ல போட்டதெல்லாம் கலை ஆகாதும்மா. ஒட்டுப் போட்ட பேண்ட்டை மாட்டுனா ஜப்பான் என்ன நெனைக்கும்?”

சஷிகோவே அங்கே ஏழை விவசாயிகள் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டதில் பிறந்தது என்று கழகத்தில் சேர்ந்த இரண்டாம் நாளே அவள் சொல்லியிருந்தாள். அதற்கு அவர் அவளைக் கூடுதலாக மூன்று முறை வணங்க வைத்திருந்தார்.

கூட வந்தவள் ஹுமாயூனின் தங்கை ஆஃப்ரா. அண்ணன் மனைவியை மச்சி என்பாள். “வா மச்சி, போயிடலாம். அண்ணன்கிட்ட இங்க கரண்ட் இல்லேன்னு சொல்லிக்கலாம்” என்றாள். நஜ்முன்னிசா நகரவில்லை. பேண்ட்டையும் ஊசி நூலையும் மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற சிமென்ட் ஆலை மேலாளர். ஜப்பானில் ஒசாகா நகரத்தில் பதினோரு நாள் இருந்தவர். அவரை வரவேற்கவென்றே கோகுலகிருஷ்ணன் கருநீல சாட்டினில் கிமோனோ தைத்துப் போட்டிருந்தார். தைத்த டெய்லர் கிமோனோவைப் பார்த்ததில்லை. தெரிந்த நைட்டி அளவிலேயே வெட்டிவிட்டார். மதியம், விருந்தினரின் கார் கீழப்பழுவூர் தாண்டிவிட்டது என்று போன் வந்ததும், கோகுலகிருஷ்ணன் மேடையில் ஒருமுறை வணங்கிப் பழகினார். இடுப்பு ஒடிந்தது. கூடவே பின்பக்கம் இடுப்பிலிருந்து முட்டிவரை கிழிந்தது. அந்தச் சத்தத்தை மைக் ஹால் முழுக்கக் கொண்டுபோனது. உள்ளே வேட்டி கட்டியிருந்தார் என்பது அரியலூர் செய்த புண்ணியம்.

முப்பது பேரின் கைவேலை கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. ஊசி ஒருவரிடமும் இல்லை. எல்லோரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கொஞ்சம் தைச்சுக் குடும்மா” என்றார், திரைக்குப் பின்னாலிருந்து கிமோனோவை நீட்டி.

“தைக்கிறேன் சென்செய். ஆனா கிழிசல்ல போட்டா கலை ஆகாதே.”

“எங்கிட்ட ஊக்கு இருக்கு சார்” என்றாள் ஆஃப்ரா. “அதுவும் கலை இல்ல. உக்காந்தா குத்தும், அவ்வளவுதான்.”

“என்னம்மா வேணும் உனக்கு?”

“செவுத்துல ஒரு ஆணி.”

எல்லா ஆணியிலும் சட்டங்கள் தொங்கின. நட்டநடுவில் இருந்த ஆணியில் அவருடைய சான்றிதழ். அவர் அதைப் பார்த்தார். கார் அரியலூருக்குள் வந்துவிட்டதாக மறுபடி போன் வந்தது. “எடுத்துடு” என்பதில் பாதியை அவர் சொல்லும்போதே ஆஃப்ரா நாற்காலி மேல் ஏறிவிட்டாள். சான்றிதழ் இறங்கியது, பேண்ட் ஏறியது.

நஜ்முன்னிசா கிழிசலுக்கு அடியில் துணி வைத்தாள். துணியைக் கொசுவிக் கொசுவி ஊசிமேல் ஏற்றி, ஒரே இழுப்பில் ஆறு தையல். நேராக மூன்று வரி முடிந்தது. கார் இன்னும் வாசலுக்கு வரவில்லை என்பதால், உட்காருகிற இடத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டாள்.

விருந்தினர் வந்தார். கோகுலகிருஷ்ணன் அவருக்கு வணங்கினார், பிறகு சபைக்குத் திரும்பி வணங்கினார். பின்னால் நின்ற விருந்தினர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

“ஒசாகாவுல நான் பாத்த வேலை இதுதாங்க. யாரு போட்டது?”

வழக்கமாக இந்தக் கேள்விக்கு கோகுலகிருஷ்ணனிடம் அரைமணி நேரப் பதில் இருக்கும். அன்று அவர் நிமிர்வதற்குள் முப்பது கைகள் கடைசி வரிசையைக் காட்டின. ஹாலே கைதட்டியது. விருந்தினர் நஜ்முன்னிசாவை முன்னால் அழைத்து, நேராகப் பேண்ட்டிடம் போய், ஒவ்வொரு நட்சத்திரமாகப் பார்க்கத் தொடங்கினார். கோகுலகிருஷ்ணன் பக்கத்தில் நின்று, அவர் திரும்பும்போதெல்லாம் வணங்கினார்.

மணி மூன்று. போன் அடித்தது. நஜ்முன்னிசா அதைச் சுவரை நோக்கிப் பிடித்தாள்.

ஹுமாயூன் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். “ஏ புள்ள, அது எம் பேண்ட்டா?” என்றான். “ஆமா, நைட்டி போட்டுக்கிட்டு அதைக் கும்பிட்டுக்கிட்டே இருக்காரே, அவரு யாரு?”

“எங்க சென்செய், மச்சான்” என்றாள் நஜ்முன்னிசா. “இன்னிக்குத்தான் சரியா வணங்குறாரு.”