குப்பைக் குழியும் என் கிணறும்

ஓமலூருக்கு மேற்கே, என் கிணற்றுக்கு மேட்டில், பழைய குப்பை மேட்டை ஒட்டி, ஊர்க் குப்பை கொட்டப் புதுக் குழி வெட்டினார்கள். அடியில் களிமண் மெத்தி, அது வெடிக்காமலிருக்க நைலான் மாதிரி நூலைக் கலப்போம், கழிவு நீர் ஒரு சொட்டும் இறங்காது என்றார் இன்ஜினியர் ஆரோன். சிரித்துச் சிரித்துச் சொன்னார். அதனாலேயே நான் நம்பவில்லை.

இளம்பிள்ளையில் முப்பது வருடம் தறி ஓட்டியவன் நான். அங்கே பருத்தி நூல் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதைக் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பருத்தி மக்கிப்போகும், களிமண் வெடிக்கும், ஊர்க் குப்பைத் தண்ணீர் நான் குடிக்கிற கிணற்றில் இறங்கும்.

ஒருநாள் குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். களிமண்மேல் ஈரச் சாக்குகளைப் பரப்பியிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்! ஒரு சாக்கைத் தூக்கி, மண்ணில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக் காயவைத்து, தறிக்காரர் வழக்கப்படி கொளுத்திப் பார்த்தேன். நைலான் என்றால் உருகி மணியாகும். இது எரிந்து சாம்பலாயிற்று.

ஊரைக் கூட்டினேன். "சாக்கெல்லாம் எடுத்து வீசுங்க! பெரிய அதிகாரி வந்து பாக்கட்டும்!"

"ஐயா, சாக்க மட்டும் எடுக்காதீங்க" என்று ஆரோன் கெஞ்சினார். கெஞ்சக் கெஞ்ச என் சந்தேகம் ஏறியது. சாக்கையெல்லாம் வீசினோம்; மண்ணை நனைக்க வந்த தண்ணீர் லாரியைக்கூட உள்ளே விடவில்லை.

மூன்று நாள் சித்திரை வெயில். நான்காம் நாள் அதிகாரி முன்னால் ஆரோன் ஒரு களிமண் கட்டியை உடைத்து, உள்ளேயிருந்து வெள்ளை நூலை உருவிக் கொளுத்தினார். அது உருகி மணியாகத் தொங்கியது.

"நீங்க கொளுத்துனது சாக்கு நாருங்க. மண்ணு காயக்கூடாதுன்னு போட்ட சாக்கு."

நான் குழிக்குள் கைகாட்டினேன்; எங்கும் விரல் நுழைகிற வெடிப்பு. "நூல்தான் கலந்திருக்குதுங்களே, அப்பறம் எப்படிங்க வெடிக்கும்?"

"நூலு வெடிப்பக் கொறைக்கும். இப்படிப் போட்டு வறுத்தா அது என்னங்க பண்ணும்?"

எல்லாவற்றையும் பெயர்த்து மறுபடி போட ஒரு வாரமாகும் என்றார்.

அன்று சாயங்காலமே கோடை மழை கொட்டியது. குப்பை மேட்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் இறங்கிக் குழியில் முழங்கால் அளவு நின்றது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். குழியில் தண்ணீரே இல்லை.

கீழே கிணற்றடியிலிருந்து என் மனைவி சாரதாமணி கூப்பிட்டாள். "ஏனுங்க, குடிக்கத் தண்ணி புடிக்கோணும். மோட்டாரப் போடட்டுங்களா?"